அப்பாவின் வில்லுப்பாட்டுக் கதைகள் பேஜ்மேக்கர் கோப்பில் கிடக்கின்றன: யூனிகோடுக்கு எப்படிக் கொண்டுவருவது?

பூதப்பாண்டி மகள்

அப்பா வில்லுப்பாட்டுப் புலவர். நாற்பது வருசம் வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்த கை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் எத்தனையோ கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடியிருக்கிறார். 2003இல் நாகர்கோவிலில் ஒரு டிடிபி கடையில் பணம் கொடுத்து, தான் பாடும் 11 கதைகளையும் தட்டச்சு செய்து ஒரு சிடியில் வாங்கி வைத்தார். கையெழுத்து நோட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தன. 2017 ஒக்கிப் புயலில் ஓடு பறந்து மூன்று நாள் மழை உள்ளே இறங்கியது. நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அப்பா அடுத்த வருசமே போய்விட்டார்.

இப்போது மிச்சம் அந்த சிடிதான். அதில் பிஎம்டி என்று முடியும் 11 கோப்புகள் உள்ளன, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. 9 கதைகளுக்கு பிடிஎஃப்பும் இருக்கிறது, இரண்டுக்கு இல்லை.

பிடிஎஃப்பைத் திறந்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வருகிறது. இணையத்தில் பிடிஎஃப்பை வேர்டாக மாற்றித் தரும் தளங்கள் இரண்டில் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றில் அதே எழுத்துக் குப்பைதான். இன்னொன்றில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படமாக வந்தது, திருத்த வழியில்லை.

தம்பி இப்போது குழுவில் பாட ஆரம்பித்திருக்கிறான். சித்திரையில் எங்கள் ஊர்க் கொடை. அதற்குள் அவன் கைப்பேசியில் வைத்துப் படிக்கிற மாதிரியாவது ஆக வேண்டும். பிறகு புத்தகமாக அச்சிட ஆசை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை தட்டச்சு

பயப்படாண்டாம் தங்கச்சி. பாட்டு எங்கேயும் போகல்ல, அதுக்குள்ளதான் இருக்கு.

நான் 1996 முதல் 2011 வரை டிடிபி வேலை செய்தவன். கல்யாணக் குறிமானம், கோயில் நோட்டீஸ், சபை மலர் என்று இந்த மாவட்டத்தில் அச்சான நிறைய காகிதம் என் கை வழியாகப் போயிருக்கு. அந்தக் காலத்தில் நாங்கள் அடித்தது கணினியின் கணக்கில் தமிழே இல்லை. கணினிக்கு அது ஆங்கில எழுத்துதான். அந்த ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் வரைந்து காட்டியது எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் உருவம் போய்விடும், அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வரும். பிடிஎஃப்புக்குள் அந்த எழுத்துருவைப் பொதிந்து வைத்திருப்பதால்தான் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது, நகலெடுத்தால் தெரிவதில்லை.

உங்களுக்கு வந்த குப்பையில் 'தமிழ்' என்ற சொல் எங்காவது இருந்தால் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஒரு அரைப்புள்ளி என்று இருந்தால் அது பாமினி வகை. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை ஒட்டியது. தட்டச்சுத் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு அதுதான் கைக்கு வரும்.

இன்னொரு வழியும் இருக்கு. பிடிஎஃப்பைத் திறந்து கோப்பின் பண்புகள் என்ற இடத்துக்குப் போனால் எழுத்துருக்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் என்ன பெயர் வருகிறது என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிஞ்சுது.

பூதப்பாண்டி மகள்

பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடியே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பட்டியலில் பாமினி என்று இருக்கிறது. தலைப்புகளுக்கு மட்டும் வேறு ஒரு பெயர், எஸ்ஹெச்ஆர்ஈஈ என்று தொடங்குகிறது.

குழித்துறை நிரலர்

அக்கா, நான் மென்பொருள் வேலை பார்க்கிறேன், தினமும் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய் வருகிறவன். இதே வேலையை எங்கள் ஊர் வாசகசாலையின் பழைய ஆண்டு மலர்களுக்காகச் செய்திருக்கிறேன்.

இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பிலிருந்து வேர்டுக்குப் போவது கோப்பு வடிவ மாற்றம். பாமினியிலிருந்து, தமிழைத் தமிழாகவே கணினி அறியும் யூனிகோடுக்குப் போவது எழுத்துக் குறியீட்டு மாற்றம். நீங்கள் போன தளங்கள் முதல் வேலையை மட்டும் செய்தன, இரண்டாவது அவற்றுக்குத் தெரியாது. லிப்ரே ஆபிஸ், பேண்டாக், கேலிபர் போன்ற நல்ல மாற்றிகளுக்கும் தெரியாது. அவை உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே நம்புகின்றன.

இரண்டாவது வேலைக்கு நம் ஆட்கள் செய்த கருவிகள் உண்டு. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் விண்டோஸில் ஓடும். சுரதாவின் பொங்குதமிழ் உலாவியிலேயே ஓடும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் நிரலகம். எழுத்துருவின் குடும்பத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். தலைப்பு எழுத்துரு வேறு குடும்பம் என்பதால் பாமினி அட்டவணை அதற்குப் பொருந்தாது. 11 தலைப்புதானே, அதைக் கையால் அடித்துவிடுங்கள்.

இது வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றம் இல்லை. 'கொடை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் அது என், எஃப், ஹெச், ஐ, எல் என்று ஐந்து விசை. என் என்பது கொம்பு, எஃப் என்பது க, ஹெச் என்பது கால், ஐ என்பது ஐகாரக் கொம்பு, எல் என்பது ட. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இடமிருந்து வலமாக அடித்துக்கொண்டே போவார்கள். யூனிகோடில் அப்படி இல்லை. நாம் சொல்கிற வரிசைதான்: முதலில் க, அதன்பின் ஒகரக் குறி முழுசாக, பிறகு ட, பிறகு ஐகாரக் குறி. ஐந்து நான்காகிறது, இடமும் மாறுகிறது. ஆகவே மாற்றி நீளமான சேர்க்கையை முதலில் தேட வேண்டும். கொ, கோ எல்லாம் முடிந்த பிறகே கெ, கே. அதன்பின்தான் தனி க. வரிசையைத் தலைகீழாக வைத்து எழுதிய நிரல்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தொங்கும்.

சில மாற்றிகள் ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்காமல் கொம்பும் காலுமாக இரண்டாக விட்டுவிடும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் சில மென்பொருளில் 'கொடை' என்று தேடினால் கிடைக்காது. அதற்கு ஒரு ஒழுங்குபடுத்தும் படி இருக்கிறது, அதை நான் ஓட்டித் தருகிறேன்.

சுசீந்திரம் வாத்தியார்

இவ்வளவு சுற்று வேண்டுமா என்று கேட்கிறேன். பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் அதுவே படத்தைப் படித்து யூனிகோடில் தந்துவிடும். எழுத்துரு எதுவானாலும் கவலையில்லை. எங்கள் பள்ளியில் பழைய வினாத்தாள்களை அப்படித்தான் மீட்டோம். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் தமிழ் படிக்கும், 2018இல் வந்த 4ஆம் பதிப்புக்குப் பிறகு நன்றாகவே படிக்கிறது.

குழித்துறை நிரலர்

சார், வினாத்தாளுக்கு அது சரி. இங்கே வேண்டாம் என்பேன்.

குறியீட்டு மாற்றத்தில் வரும் பிழை ஒரே மாதிரி வரும். ஓரிடத்தில் தவறு என்றால் அதே தவறுதான் 200 பக்கத்திலும். கண்டுபிடித்துவிட்டால் ஒரே கட்டளையில் எல்லாம் சரியாகும். படத்தைப் பார்த்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரியின் பிழை அப்படி இல்லை. ஒரு பக்கத்தில் ள வை ன என்று படிக்கும், அடுத்த பக்கத்தில் சரியாகப் படிக்கும், அதற்கடுத்ததில் புள்ளியை விட்டுவிடும். அதைவிட மோசம், தனக்குப் பழக்கமான சொல்லாக மாற்றிப் படித்துவிடும். நம் பக்கத்துச் சொற்கள் அதற்குப் பழக்கமில்லை. ஏலா (வயல்வெளி), விளை (தோப்பு), பாட்டா (தாத்தா) எல்லாம் இருக்கிற ஒரு கதையில் 'விளை' என்பதை 'விலை' என்று படித்தால், வரி பொருளோடுதான் இருக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். தென்னை நின்ற விளையைச் சந்தைக்கு அனுப்பிவிடும்.

அச்சுப் பிரதி மட்டும் இருக்கிறவர்களுக்கு எழுத்துணரியைத் தவிர வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய லை, னை, ணா, றா உருவங்களில் அது அடிக்கடி தடுக்கி விழும்.

சுசீந்திரம் வாத்தியார்

விளை, விலை என்று சொன்னது உறைத்தது. நாங்கள் மீட்ட வினாத்தாள்களையும் திரும்பப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு துணைக் கேள்வி: அலுவலகக் கடிதங்கள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அதற்கும் பாமினி அட்டவணையே போதுமா?

தக்கலை தட்டச்சு

போதாது சார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண் வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தாம், தாப் என்று இரண்டு குறியீடுகளை அரசு தரப்படுத்தியது அதையொட்டித்தான், தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்தது. ஆனால் கடைக்காரன் கையில் ஏற்கனவே பழகிய எழுத்துரு இருந்தது, வாடிக்கையாளர் வாசலில் நின்றார், யார் மாற்றுவார்? நானும் மாற்றவில்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தின கோப்பு எல்லாம் இப்படிச் சிதறித்தான் கிடக்கு. என்எச்எம்மில் வானவில் என்று தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்க.

பூதப்பாண்டி மகள்

ஒரு கதையை மாற்றிப் பார்த்தேன். தமிழ் வந்துவிட்டது! அம்மாவிடம் காட்டினேன், முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தள்ளச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

ஆனால் மூன்று சிக்கல்கள்.

'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று வருகிறது. ர் வர வேண்டிய பல இடங்களில் காலுக்கு மேல் புள்ளி. 'மாரி' என்ற சொல் ஓரிடத்தில் 'மாாி' என்று இருக்கிறது.

'கௌரி', 'மௌனம்' எல்லாம் கெளரி, மெளனம் என்று கொம்பும் ளகரமுமாக இருக்கின்றன.

மூன்றாவதுதான் பெரிது. அப்பா பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். இடப்பக்கம் புலவர் பாடும் வரி, வலப்பக்கம் குழு வாங்கிப் பாடும் வரி. நகலெடுத்தால் இரண்டும் பின்னிக்கொண்டு, எது யார் வரி என்றே தெரியவில்லை. சில பக்கங்களில் பாட்டு வரிகள் எல்லாம் சேர்ந்து ஒரே உரைநடைப் பத்தியாகிவிட்டன.

தக்கலை தட்டச்சு

முதல் சிக்கலுக்குப் பொறுப்பு எங்களைப் போன்ற தட்டச்சுக்காரர்கள். தட்டச்சுப் பொறியில் பழகினவர்களுக்குக் காலும் ரகரமும் ஒன்றுபோல. ர் வேண்டுமென்றால் காலை அடித்து மேலே புள்ளி வைத்துவிடுவோம். ரி, ரீ கூட அப்படித்தான். தாளில் பார்க்க அழகாக இருக்கும், அப்போது தாள்தான் எங்கள் உலகம். இருபது வருசம் கழித்து ஒரு பிள்ளை இதை எடுத்துத் தேடும் என்று நினைத்துப் பார்க்கல்ல. மன்னிக்கணும்.

சரிசெய்வது எளிது. தமிழில் காலுக்குப் பின் புள்ளி வரவே வராது. ஆகவே காலும் புள்ளியும் சேர்ந்து வரும் எல்லா இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ர் ஆக்கலாம். காலும் இகரக் குறியும் சேர்ந்தால் ரி. காலும் ஈகாரக் குறியும் சேர்ந்தால் ரீ. மூன்று மாற்று, முடிஞ்சுது.

குழித்துறை நிரலர்

அண்ணாச்சி மன்னிப்பு எல்லாம் கேட்காதீர்கள். நீங்கள் அடித்து வைத்ததால்தான் இன்றைக்கு மாற்றவாவது ஏதோ இருக்கிறது.

இரண்டாவது சிக்கலில் கண்ணை மூடக் கூடாது. கொம்பு, எழுத்து, ளகரம் என்று வரும் இடமெல்லாம் ஔகாரம் இல்லை. வெள்ளி, வெளி, தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் அந்த வரிசைதான். எல்லாவற்றையும் மாற்றினால் கெளுத்தியும் சேர்ந்து உடையும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதீர்கள். ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நின்றால் மட்டும் நிறுத்திப் பாருங்கள். பெளர்ணமி, கெளரவம், வெளவால் அதில்தான் அகப்படும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினாலும் ஒரு கதைக்கு பத்து இருபதுதான் வரும்.

மூன்றாவதுக்கு பிடிஎஃப்பை விட்டுவிட வேண்டியதுதான். பிடிஎஃப்புக்குப் பத்தி, வரி என்ற எண்ணமே கிடையாது. இந்த உருவத்தைத் தாளில் இந்த இடத்தில் வை என்ற கட்டளைகள்தான் உள்ளே இருக்கின்றன. எந்த வரிக்குப் பின் எந்த வரி என்பதை மாற்றும் மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. பாட்டுக்கு அந்த ஊகம் பிழைக்கும். மூலம் பேஜ்மேக்கர் கோப்பில்தான் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பத்தியின் எழுத்தும் தனித் தொடராக நிற்கும்.

லிப்ரே ஆபிஸின் டிரா பிஎம்டி கோப்பைத் திறக்கும், 4.4 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. முதலில் அதை முயன்று பாருங்கள், செலவில்லை. அடோபியின் இன்டிசைனும் முன்பு திறந்தது, சிஎஸ்6 வரைக்கும்தான். அதற்குப் பின் வந்த பதிப்புகள் கைவிட்டுவிட்டன.

கொல்லங்கோடு வாசகர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்பப் பத்திரங்கள் 1956க்கு முன்னால் எழுதியவை, மலையாளத்தில் இருக்கின்றன. இதே மாதிரி ஒரு மென்பொருளில் போட்டுத் தமிழாக்க முடியுமா?

குழித்துறை நிரலர்

கையெழுத்துப் பத்திரம் என்றால் முடியாது. மலையாளத்தில் தட்டச்சான யூனிகோடு உரை இருந்தால் அக்ஷரமுகம் என்ற கருவி மலையாள எழுத்தைத் தமிழ் எழுத்தாக்கும், ஆனால் மொழி மலையாளமாகவே இருக்கும். விளவங்கோடு பக்கம் அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த, பத்திரம் எழுதும் பழைய ஆதார எழுத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். இன்னொன்று: பத்திரத்தையோ ஆதார் அட்டையையோ இணைய மாற்றித் தளங்களில் ஏற்றாதீர்கள். ஏற்றிய கோப்பு யார் கணினியில் தங்குகிறது என்று நமக்குத் தெரியாது. லிப்ரே ஆபிஸை வீட்டுக் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையமே இல்லாமல் மாற்றலாம்.

பூதப்பாண்டி மகள்

டிராவில் 11இல் 8 திறந்தது. பத்திகள் தனித்தனிப் பெட்டியாக வருகின்றன, நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு பெட்டியாக நகலெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று திறக்கவே இல்லை. பிடிஎஃப் இல்லாத இரண்டு கதைகளில் ஒன்று அந்த மூன்றுக்குள் இருக்கிறது. அப்பா கடைசியாகப் பாடிய கதை அது.

தக்கலை தட்டச்சு

என் வீட்டில் ஒரு பழைய எக்ஸ்பி கணினி இருக்கு தங்கச்சி. பேஜ்மேக்கர் 7 அதில் இன்னும் ஓடுது. 2001இல் வந்த கடைசிப் பதிப்பு அது, அதற்கப்புறம் அடோபி புதிதாக ஒன்றும் கொண்டுவரல்ல. மாதம் ஒரு தடவை போட்டுவிட்டு அணைத்து வைப்பேன், இப்படி யாராவது வருவார்கள் என்றுதான்.

சிடியை எடுத்துக்கொண்டு வாங்க. கோப்பைத் திறந்து, பத்திக்குள் நின்று கண்ட்ரோல் ஈ அழுத்தினால் அந்தத் தொடர் முழுக்க ஒரே சாளரத்தில் வரும். பத்தாவது பக்கம் வரைக்கும் ஓடினாலும் ஒரே தொடர்தான். அதை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். வெறும் உரையாக எடுக்காமல் ஆர்டிஎஃப் ஆக எடுப்போம், எந்த வரி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் அதில் தங்கும். சிடியைக் கீறாமல் கொண்டுவாங்க, வரும்முன் அதை அப்படியே ஒரு பென் டிரைவிலும் நகலெடுத்து வையுங்க. 2003 சிடி இத்தனை நாள் படிக்கிறதே பெரிது.

பூதப்பாண்டி மகள்

நேற்று தக்கலை போய் வந்தோம், தம்பியும் நானும். அண்ணாச்சி வீட்டில் ஆறு மணி நேரம் இருந்தோம். அண்ணாச்சி வீட்டு அக்கா கப்பையும் மீன்குழம்பும் வைத்துத் தந்தார்கள். 11இல் 10 கதைகள் ஆர்டிஎஃப் ஆக வந்துவிட்டன. புலவர் வரி ஒரு தொடர், குழு வரி ஒரு தொடர், ஒன்றும் கலக்கவில்லை. திறக்க மறுத்த மூன்றில் இரண்டு பேஜ்மேக்கரில் திறந்துவிட்டன, அப்பாவின் கடைசிக் கதையும் அதில் உண்டு. மிச்சம் ஒன்றுக்கு நல்லவேளையாக பிடிஎஃப் இருக்கிறது, அதைப் பத்தி பத்தியாகப் பிரித்து எடுக்கிறேன்.

இரவே நான்கு கதைகளை மாற்றி, ர் திருத்தி, ஔ பார்த்து முடித்தோம். அதன்பின்தான் பெரிய வேலை தெரிந்தது. தம்பி வாசிக்க வாசிக்க அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, "இந்த இடத்துல ரெண்டு அடி விட்டுப்போச்சு மக்கா" என்றாள். டிடிபி கடையில் அடிக்கும்போதே விடுபட்டது போல. அவளே பாடிக் காட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருசம் கேட்டவள். அடித்துச் சேர்த்தோம்.

இனி எந்த வடிவத்தில் சேமித்து வைப்பது? தம்பி கைப்பேசிக்கு என்ன தருவது? அச்சகத்தில் விசாரித்தேன், யூனிகோடு வேண்டாம், பழைய எழுத்துருவில் கொண்டுவா என்கிறார்கள்.

குழித்துறை நிரலர்

ஆதாரப் பிரதி யூனிகோடு உரைக் கோப்பு, யூடிஎஃப் 8 ஆகச் சேமியுங்கள். அலங்காரம் எதுவும் இல்லாததால் எந்தக் காலத்திலும் எந்தக் கணினியும் திறக்கும். திருத்தம் எல்லாம் அதில் மட்டும் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கட்டும்.

தம்பிக்கு ஈபப் என்ற மின்னூல் வடிவம். பேண்டாக்கிலோ கேலிபரிலோ ஒரு நிமிடத்தில் ஆகும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பாட்டு வரிகள் முறியாமல் இருக்க ஒவ்வொரு வரியின் முடிவையும் கட்டாய வரிமுறிவாகக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் உரைநடையாகிவிடும். கைப்பேசித் திரையில் இரண்டு பத்தி நிற்காது. குழு வரியை உள்தள்ளிச் சாய்வெழுத்தில் வைத்துவிடலாம்.

அச்சுக்கு லிப்ரே ஆபிஸில் பக்கம் அமைத்து, நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி இலவச எழுத்துருவைப் பொதிந்து பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். பிடிஎஃப்பை அச்சடிக்க அச்சகத்துக்கு எந்த எழுத்துருவும் வேண்டாம். பழைய எழுத்துருவுக்குத் திரும்ப மாற்றவும் என்எச்எம்மில் முடியும், ஆனால் நீங்கள் பட்டபாட்டுக்குப் பிறகு அந்த வழி போகாதீர்கள் அக்கா.

பிஎம்டி கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் தூக்கிப் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் பார்க்க அதுதான் மூலம்.

தக்கலை தட்டச்சு

வேர்டில் திருத்தும்போது தானாகத் திருத்தும் வசதியை அணைத்து வையுங்க. ஏலாவை என்னவாக ஆக்கும் என்று சொல்ல முடியாது.

பூதப்பாண்டி மகள்

அணைத்துவிட்டேன் அண்ணாச்சி. ஏழு கதைகள் முடிந்தன. தம்பி கைப்பேசியில் ஈபப்பை வைத்து நேற்றுக் குழுவில் குடம் அடிக்கும் குடக்காரரோடு பயிற்சிக்கு உட்கார்ந்தான். குழு வரி உள்தள்ளி இருப்பது பாடுகிறவர்களுக்கு வசதியாக இருக்கிறதாம், ஆனால் இருட்டில் சாய்வெழுத்து தெரியவில்லை என்கிறார்கள். அதை நேரெழுத்தாக்கி, கொஞ்சம் தடிப்பாக வைக்க என்ன செய்ய வேண்டும்?

குழித்துறை நிரலர்

ஈபப்புக்குள் நடைத்தாள் என்று ஒரு சிறு கோப்பு இருக்கும், அதில் ஒரே வரிதான் மாற்ற வேண்டும். கோப்பை அனுப்புங்கள் அக்கா, சாயங்கால ரயிலில் உட்கார்ந்து மாற்றி அனுப்பிவிடுகிறேன்.